டேங்கின் அடியில் ஒரு பெயர்

2022 ஓகஸ்ட் 1 ஆம் திகதியிலிருந்து, எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் குறியீடு இல்லாமல் இலங்கையில் எந்த எண்ணெய் செட்டிலும் எண்ணெய் கிடைக்கவில்லை. இலக்கத் தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் ஒதுக்கிய முறை அன்றோடு முடிந்தது. மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கும் வேனுக்கும் 20, பஸ்ஸுக்கு 40, லொறிக்கு 50. எல்லாம் ஒரு கிழமைக்கு. கெப் என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. ஒரே எஞ்சின், ஒரே செஸி, ஒரே பாரம் ஏற்றும் இரண்டு கெப்களில் ஒன்றுக்கு எவ்வளவு, மற்றதற்கு எவ்வளவு என்பதைப் பதிவுப் புத்தகத்தில் உள்ள சொல்தான் தீர்மானித்தது.

பிலிமத்தலாவையிலிருந்தும் பேராதனையிலிருந்தும் கம்பளையிலிருந்தும் கராஜ் பாஸ்மார் பலர் எம்மிடம் கேட்பது ஒன்றைத்தான்: கெப்புக்கு இரண்டாவது டேங்க் போடும் வேலையைத் தொடர்வதா, விடுவதா? போன இரண்டு இதழ்களிலும் இதைத் தொடாமல் விட்டோம். அது எமது பிழை. இப்போது பதில் சொல்கிறோம். புதிதாக ஒன்றும் ஏற்காதீர்கள். முற்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காரணம் எளிது. எடுக்காமல் விட்ட பங்கு அடுத்த கிழமைக்குச் சேரவில்லை. ஹைலக்ஸின் டேங்க் கம்பனியிலிருந்து வரும்போதே ஏறத்தாழ 80 லீற்றர் கொள்ளும். லொறிப் பங்கான 50 லீற்றரை முழுவதும் எடுத்தாலும் அது நிரம்பவில்லை. பிறகு அடியில் தொங்கும் இன்னொரு 60 லீற்றர் எதற்கு? ஓட்டத்துக்குப் பயன்படாத டேங்க் சேமிப்புப் பீப்பாய்தான். வண்டிக்காரர் வேறு என்ன காரணம் சொன்னாலும், அதைப் பதுக்கலுக்கான ஏற்பாடு என்று பொலிஸார் பார்த்தால் எம்மால் மறுத்துப் பேச முடியாது. ஒரு கணக்கையும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் டீசல் லீற்றர் 121 ரூபாய். 60 லீற்றர் 7,260 ரூபாய்க்கு நிரம்பியது. அந்த ஓகஸ்டில் 430 ரூபாய். அதே 60 லீற்றருக்கு 25,800 ரூபாய் வேண்டியிருந்தது.

எமது தொழிலாளர்கள் பேராசையால் இதில் இறங்கவில்லை என்பதையும் இதே மூச்சில் சொல்ல வேண்டும். எண்ணெய் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்ட நாட்களில் கேனில் எண்ணெய் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. வண்டியின் டேங்க் மட்டுமே சட்டம் ஏற்ற பாத்திரமாக மிஞ்சியது. இரண்டு நாள் வரிசையில் படுத்தவன், முறை வரும்போது எடுக்க முடிந்ததை எல்லாம் எடுக்க நினைத்தான். அதற்கு வழி கேட்டு எம் கராஜ்களுக்கு வந்தான். 2022 ஏப்ரல் 19 ஆம் திகதி, கடுகண்ணாவை மலையின் அடிவாரத்தில் உள்ள ரம்புக்கனையில், எண்ணெய் கேட்டு நின்ற கூட்டத்தின் மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 27 ஆம் திகதி நள்ளிரவிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எண்ணெய் என்றார்கள். மரக்கறி ஏற்றும் கெப்காரன் அந்தக் கிழமைகளில் எதை நம்பியிருப்பான்? கேனைத் தடுத்த உத்தரவுதான் டேங்க் வேலையைப் பெருக்கியது.

அந்த மாதங்களில் பொருத்திய டேங்குகள் இன்னும் வண்டிகளுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதியது வேண்டாம் என்று சொல்வது ஒரு வரி வேலை. பொருத்தியதை என்ன செய்வது என்பதுதான் எமக்குக் கவலை தருகிறது.

பார்த்தவற்றில் அதிகம் கண்ட பிழை ரிட்டர்ன் லைன். கொமன் ரெயில் எஞ்சின்களில் திரும்பி வரும் சூடான டீசலின் அளவு சிறியதல்ல. எடுப்பது புதிய டேங்கிலிருந்து, திரும்புவது பழைய டேங்குக்கு என்று விட்டால், பழையது நிரம்பி பிரீதர் வழியே சாலையில் கொட்டும். கடுகண்ணாவை வளைவில் கொட்டிய டீசலில் மோட்டார் சைக்கிள்காரன் வழுக்கினால் அது யார் கணக்கு? வால்வு போட்டால் எடுப்பதற்கும் திரும்புவதற்கும் சேர்த்தே போடுங்கள். முடியாவிட்டால் புதிய டேங்கிலிருந்து பழையதற்கு மாற்றும் பம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத டேங்குகளும் நிறையவே உண்டு. 60 லீற்றர் டீசல் ஏறத்தாழ 50 கிலோ. வளைவுக்கு வளைவு அந்த எடை பக்கம் மாறி இடித்தால் தாங்கிப் பட்டி எத்தனை மாதம் நிற்கும் என்பதை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விளிம்பு வரை நிரப்பவும் விடாதீர்கள். அமெரிக்காவில் பார வாகனங்களுக்கு 95 வீதத்துக்கு மேல் நிரம்பாதபடி டேங்கைச் செய்ய வேண்டும் என்று விதி உண்டு. காலைக் குளிரில் பிலிமத்தலாவையில் நிரப்பிய டீசல் பகல் வெயிலில் கொழும்பை அடையும்போது விரியும். அதற்கு இடம் வேண்டும்.

எமது ஊரான பிலிமத்தலாவைக்கே உரிய ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். பித்தளைக்குப் பெயர்போன ஊர் என்பதால் பித்தளைத் தகடும் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. சிலர் மூடியிலிருந்து உள்குழாய் வரை பித்தளையில் அழகாகச் செய்திருக்கிறார்கள். வேலை நேர்த்தியானது, பொருள் தவறானது. செம்பும் செம்பு கலந்த உலோகமும் டீசலோடு நாட்கணக்கில் கிடந்தால் டீசல் கெட்டுப் பிசின் கட்டும். உள்ளே கல்வனைஸ் தகடு போட்டால் நாகம் கரைந்து இன்ஜெக்டரில் படியும். சாதாரண இரும்புத் தகடு, உள்ளே பூச்சு இல்லாமல், போதும். குத்துவிளக்குக்கு ஏற்ற உலோகம் வேறு, டேங்குக்கு ஏற்ற உலோகம் வேறு.

இனி, இந்த இதழ் தொடங்கிய நாளிலிருந்து எழுதிவரும் விடயம். டேங்க் வெல்டிங்.

டீசல் தானே, நெருப்புப் பிடிக்காது என்ற பேச்சை இன்னும் கேட்கிறோம். ஐம்பது அறுபது பாகைக்குக் கீழே தீக்குச்சிக்குப் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் வெல்டிங் தகட்டை எத்தனை நூறு பாகைக்கு ஏற்றுகிறது? காலியான டேங்கின் மூலைகளிலும் மடிப்புகளிலும் ஒட்டியிருக்கும் ஒரு கரண்டி டீசல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால் போதும். நிறைந்த டேங்கை விடக் காலி டேங்க் கொடியது. தவுலகல பக்கத்தில் எமக்குத் தெரிந்த ஒரு பாஸ் 20 வருடத்துக்கு முன் பழைய டேங்க் ஒன்றில் ஓட்டை அடைத்தார். கழுவினேன், வெயிலில் காயவைத்தேன் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார். வலது கையில் இரண்டு விரல்களோடு இன்றும் வேலை செய்கிறார். அந்த டேங்கை அவருக்கு முன் யார் வெட்டினார், யார் ஒட்டினார், உள்ளே எந்த மடிப்பு எங்கே ஒளிந்திருந்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதில் ஒரு பெயரும் இல்லை.

இதில் எமது நெடுநாள் கோரிக்கை அந்தப் பெயர்தான். பெரிய பரிசோதனைக் கூடம் கேட்கவில்லை. டேங்கின் அடியில் ஓர் உலோகத் தகடு. அதில் செய்தவரின் பெயர், ஊர், மாதம், வருடம், கொள்ளளவு. அமெரிக்காவில் பார வாகன டேங்கில் செய்தவரின் பெயரும் மாதமும் வருடமும் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். இந்த ஊரில் விளக்குச் செய்பவருக்குத் தன் வேலையைப் பார்த்தாலே தெரியும். வாங்கியவருக்கும் யாரிடம் வாங்கினோம் என்று தெரியும். வெடித்தால் ஒரு குடும்பத்தைக் கொல்லக்கூடிய பாத்திரத்தை மட்டும் பெயரில்லாமல் செய்து, பெயரில்லாமல் பொருத்தி, பெயரில்லாமல் கைமாற்றுகிறோம்.

பெயர் போடப் பாஸ்மார் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. பெயர் போட்டவன் மட்டும்தான் பிடிபடுவான். போடாதவனைத் தேடி எந்த அதிகாரியும் செஸிக்கு அடியில் குனிந்ததில்லை. 1951 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் எத்தனையோ முறை திருத்தப்பட்டது. பதிவுப் புத்தகத்தில் நிறம் மாறினால் எழுத இடம் உண்டு. எஞ்சின் மாறினால் எழுத இடம் உண்டு. டேங்கின் கொள்ளளவை எழுத இடமே இல்லை. வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் பணம் கட்டுகிறோம். குழாயில் வரும் புகையை அளக்கிறார்கள், அந்தப் புகைக்கு எண்ணெய் கொடுக்கும் டேங்கை ஒருவரும் தட்டிப் பார்ப்பதில்லை. பல வருடங்களுக்கு முன் இந்த இதழ் சார்பில் ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம். டேங்க் செய்யும் கராஜ்களைப் பதியுங்கள், ஒரு நாள் பயிற்சி கொடுங்கள், தகட்டுக்கு ஓர் இலக்கம் கொடுங்கள் என்று கேட்டோம். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. மறுபடி எழுதினோம். அதற்கு அந்த ஒரு வரியும் வரவில்லை.

அதே அரசுதான் 2022 இல் ஒவ்வொரு வண்டியின் செஸி இலக்கத்தையும் அடையாள அட்டையையும் சில கிழமைகளுக்குள் ஒரு கைபேசிக் கட்டத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது. நாட்டின் எல்லா வண்டிகளையும் ஒரு பட்டியலில் போட முடியும் என்று காட்டிவிட்டார்கள். ஒரு வண்டி கிழமைக்கு எத்தனை லீற்றர் எரிக்கலாம் என்று கணக்கு வைக்கத் தெரிந்தது. அந்த லீற்றர்கள் எந்தப் பாத்திரத்தில், யார் ஒட்டிய தகட்டுக்குள், யாருடைய பிள்ளைகள் உட்காரும் இருக்கைக்கு எத்தனை அங்குலம் தள்ளிக் கிடக்கின்றன என்று கேட்க ஒரு கட்டம் சேர்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? எண்ணெய்க்கு வந்த கவனம் மனித உயிருக்கு ஏன் வரவில்லை? இதை நாங்கள் கோபத்தோடுதான் கேட்கிறோம்.

எரிசக்தி அமைச்சுக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் இந்த இதழ் வைக்கும் கோரிக்கை: 2022 வரிசைக் காலத்தில் பொருத்திய டேங்குகளைக் காட்ட ஒரு தவணை கொடுங்கள். அந்தத் தவணைக்குள் வருபவர் மேல் வழக்குப் போடாதீர்கள். பரிசோதகர் பார்க்கட்டும், தகுதியானது பதிவாகட்டும், ஆகாதது கழற்றப்படட்டும். வழக்குப் பயம் இருந்தால் கழற்றுவதும் இருட்டில்தான் நடக்கும். இருட்டில் கழற்றப்படும் டேங்க் இன்னொரு பாஸின் வெல்டிங் மேசைக்குத்தான் போகும்.

அதுவரை எமது கையில் உள்ளதைச் செய்வோம். நீங்கள் செய்த டேங்க் எந்தெந்த வண்டியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அழைத்துப் பாருங்கள், இலவசமாகப் பாருங்கள். இருக்கைப் பகுதிக்குள் வைத்த டேங்க் ஒன்றாவது இருந்தால் அன்றே கழற்றுங்கள். ஐரோப்பிய நாடுகள் பின்பற்றும் 34 ஆம் இலக்க விதி, உலோக டேங்க் குறைந்தது 0.3 பார் நீர் அழுத்தத்தை ஒரு நிமிடம் கசியாமல் தாங்க வேண்டும் என்கிறது. இதற்கு இயந்திரம் வேண்டாம். டேங்கில் நீர் நிரப்பி, மற்ற வாய்களை அடைத்து, ஓர் ஒளி புகும் குழாயை மூன்று மீற்றருக்குச் சற்று மேலே தூக்கிக் கட்டி அதையும் நீரால் நிரப்புங்கள். அந்த அழுத்தம் வந்துவிடும். கழற்றியதை வெட்டவோ ஒட்டவோ வேண்டியிருந்தால் முதலில் நீராவி விடுங்கள், பிறகு ஒட்டும் இடம் வரை நீர் நிரப்புங்கள். அவசரம் என்று யார் நின்றாலும் இந்த இரண்டையும் விடாதீர்கள்.

பிறகு உளியை எடுத்து, டேங்கின் அடியில் ஒட்டும் தகட்டில் உங்கள் பெயரையும் ஊரையும் மாதத்தையும் வருடத்தையும் பொறியுங்கள். ஒட்டுவதற்கு முன் பொறியுங்கள்.