ராக்கெட் பேட்ச்சும் தீப்பெட்டி லேபிளும்

"துணியில தச்ச ஒரு வட்டம். அதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?"ன்னு கேக்குறவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஆமாங்க, பேசத்தான் வேணும்.

2024 பிப்ரவரி 28. குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல். மாநில அமைச்சர் ஒருத்தர் அதுக்குக் கொடுத்த பேப்பர் விளம்பரத்துல, ராக்கெட் மேல சீனக் கொடி! டிசைன் பண்ணவர் தப்புன்னு விளக்கம் வந்துச்சு. கட்சிக்காரங்க ஆளாளுக்கு அடிச்சுக்கிட்டாங்க. எனக்கு உறுத்துனது வேற. மகேந்திரகிரியில இஞ்சினைச் சோதிக்கிற தெக்கத்தி ஆளுங்க நாம. அச்சுக்குப் போற வரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் அது படலையே! "படம்தானே"ங்கிற அலட்சியம்.

அமெரிக்காக்காரன் அப்படி விடல. விண்கலத்துக்குப் பேர் வைக்கக் கூடாதுன்னு நாசா தடை போட்டதும், 1965-ல ஜெமினி 5-ல போன கார்டன் கூப்பர் கூண்டு வண்டிப் படம் போட்ட பேட்ச் கொண்டு வந்தார். எட்டு நாள் தாக்குப் பிடிப்போம், இல்லாட்டி படுத்துருவோம்ங்கிற மாதிரி அதுல ஒரு வரி. மேலிடம் பதறிப்போய், பயணம் முடியுற வரைக்கும் அந்த வரியைத் துணி வச்சு மூடச் சொல்லிடுச்சு. அப்பல்லோ 11-க்கு மைக்கேல் காலின்ஸ் வரைஞ்சதுல கழுகு, ஆலிவ் கிளை, நிலா, தூரத்துல பூமி. அவ்வளவுதான். மூணு பேரும் தங்க பேரையே போட்டுக்கல, எல்லாருக்குமான பயணம்னு. கல்பனா சாவ்லா போன கொலம்பியாவோட பேட்ச்ல ஏழு பேருக்கு ஏழு நட்சத்திரம். 2003 பிப்ரவரி 1-ல ஏழு பேரும் போயிட்டாங்க. நட்சத்திரம் இருக்கு. இப்பச் சொல்லுங்க, வெறும் துணியா அது?

நம்ம கமிட்டி கையில கொடுத்தா என்ன ஆகும்? மூவர்ணம், சக்கரம், தாமரை, மயில், ராக்கெட்டுன்னு எல்லாத்தையும் திணிச்சு கல்யாண பிளக்ஸ் ஆக்கிருவாங்க :-)

பாடம் படிக்க ஹூஸ்டன் போக வேணாம். நம்ம விருதுநகர் மாவட்டத்துலயே இருக்கு. சிவகாசி தீப்பெட்டி லேபிளைப் பாருங்க. ரெண்டு இஞ்ச் இடம், ஒரே படம். எழுத்துத் தெரியாத ஆளும் படத்தைச் சொல்லியே கடையில கேட்டு வாங்கிருவார். நல்ல பேட்ச்சுக்கும் இதேதான் இலக்கணம். நூல்ல படம் எங்க தெளியும், எங்க குழம்பும்னு சந்தேகமா? அருப்புக்கோட்டை நெசவாளிகிட்டக் கேளுங்க.

ககன்யானுக்கு நாலு பேரை 2024-ல அறிவிச்சாச்சு. அதுல சுபான்ஷு சுக்லா 2025-லயே ஆக்சியம் 4-ல போய்த் திரும்பிட்டார். அடுத்து நம்ம சொந்தக் கலம். அதுல போறவங்க நெஞ்சுல ஒட்டுற படத்தை டெல்லியில உக்காந்து முடிவு பண்ணாதீங்க. திருச்சுழிப் பக்கம் கவர்மெண்டு ஸ்கூல் பிள்ளைங்ககிட்டயும் பேப்பரும் பென்சிலும் கொடுங்க. வத்துன கண்மாய்க் கரையில நின்னு, மேகமில்லாத வானத்தைப் பாத்து வளர்ற பிள்ளைங்க. வரைஞ்சது தேறாமப் போகலாம். ஆனா ராக்கெட் கெளம்புற அன்னிக்கு அந்தப் பிள்ளை வேடிக்கை பாக்காது. "நம்மளுது போகுது"ன்னு பாக்கும்.

அதுக்காகத்தான்யா இவ்வளவு பேச்சும்.