9, 11, 9, 9, 9: ஈஸ்ட் பெங்கால் தோற்றாலும் ஏன் காணாமல் போகவில்லை?

கொல்கத்தா நியூ டவுனில் ஐ.டி. வேலைக்குப் போயிருக்கிறீர்களா? டெர்பிக்கு மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் யார் சத்தமாகப் பேசுகிறார்கள், யார் வாயே திறக்கவில்லை என்று பாருங்கள். யார் எந்த கிளப் என்று தெரிந்துவிடும். மோகன் பகான் ஜெயித்தால் அந்த வீடுகளில் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன்.

சமீப வருடங்களில் ஹில்சாவுக்கு அதிகம் வேலை இருக்கவில்லை. ஈஸ்ட் பெங்கால் 2020-21ல் ஐ.எஸ்.எல்.லுக்குள் வந்தது. முதல் ஐந்து சீசன்களில் ஆண்கள் அணி பிடித்த இடங்கள்: 9, 11, 9, 9, 9. அந்த 11, 11 அணிகளில் கடைசி இடம். ஐந்து முறையும் பிளே-ஆஃப் கிடையாது. அதே காலத்தில் பரம எதிரியான மோகன் பகான் 2023-24ல் லீக் ஷீல்டையும், 2024-25ல் ஷீல்டு, கோப்பை இரண்டையும் எடுத்துக்கொண்டு போனது.

இப்படிப்பட்ட டீமுக்கு ஏன் இன்னமும் ஸ்டேடியம் நிறைகிறது? அதற்கு கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

1920 ஜூலையில் மோகன் பகானுக்கு எதிரான ஒரு ஆட்டத்தில், ஜோராபகான் கிளப் தன் வீரர் சைலேஷ் போஸை அணியில் இருந்து நீக்கியது. அந்த கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கோபித்துக்கொண்டு வெளியேறினார். ஆகஸ்ட் 1ஆம் தேதி ஈஸ்ட் பெங்கால் பிறந்தது. கிழக்கு வங்கத்துக்காரர்களின் கிளப் என்பது பெயரிலேயே இருக்கிறது. 1947ல் நாடு பிரிந்து, ஊரையும் வீட்டையும் விட்டு வந்தவர்களுக்கு கையோடு கொண்டுவர முடிந்த சொந்த ஊர் இந்தப் பெயர்தான். உள்ளூர்க்காரர்கள் 'கோட்டி', வந்தவர்கள் 'பாங்கால்'. இன்று மூன்றாம் தலைமுறைக்கு டாக்கா எந்தத் திசை என்றுகூடத் தெரியாமல் இருக்கலாம். கிளப் மட்டும் மாறவில்லை.

அந்த அகதிகளுக்கு முதல் பெரிய சந்தோஷத்தைக் கொடுத்தது நம்ம பக்கத்து ஆட்கள் என்பது பலருக்குத் தெரியாது. அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே என ஐந்து தென்னிந்தியர்கள்தான் முன்வரிசை. 'பஞ்ச பாண்டவர்' என்று கொண்டாடப்பட்டவர்கள். 1949, 50, 51 என்று வரிசையாக மூன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு. பிறகு 1975ல் அதே ஷீல்டு இறுதிப் போட்டியில் மோகன் பகானை 5-0 என அடித்தது. 2003ல் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பிஇசி டெரோ சசானாவை 3-1 என வென்று ஆசியான் கிளப் சாம்பியன்ஷிப்பை எடுத்தது. தேசிய லீக் பட்டம் மூன்று: 2000-01, 2002-03, 2003-04. அதற்குப் பின் ஐ.எஸ்.எல். வரை ஒன்றுமில்லை.

2018-19ல் நான்காவது கிடைத்திருக்க வேண்டும். ஒரு புள்ளியில் போனது. தட்டிப் பறித்தது யார் தெரியுமா? கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. அதே சீசனில் மகளிர் லீக் பட்டத்தை வென்றது மதுரையின் சேது எஃப்.சி. ஐ-லீக், மகளிர் லீக் இரண்டும் ஒரே வருடம் தமிழ்நாட்டுக்கு! நம்மில் எத்தனை பேருக்கு இது ஞாபகம் இருக்கிறது?

சென்னை சிட்டியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இரண்டே சீசன். 2020-21க்குப் பிறகு அந்த கிளப் ஐ-லீக்கில் ஆடவில்லை. சாம்பியனாகி மூன்று வருடம்கூட ஆகவில்லை.

ஈஸ்ட் பெங்காலுக்கும் முதலீட்டாளர்கள் நிற்கவில்லை. 2018ல் கிங்ஃபிஷர் போய் குவெஸ் வந்தது, 2020ல் ஸ்ரீ சிமென்ட், 2022ல் இமாமி. நான்கு வருடத்தில் மூன்று கைமாற்றம். 9, 11, 9க்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. ஆனால் ஒவ்வொரு முறையும் கிளப் தப்பித்தது. 2021ல் ஒப்பந்தச் சிக்கல் முற்றியபோது ரசிகர்கள் மைதானத்தில் இருக்கும் கிளப் கூடாரத்தின் முன்னால் திரண்டு, போலீஸ் தடியடி வரை போனது. கோவையில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. பட்டத்தை வைத்து அளந்தால் சென்னை சிட்டிதான் ஜெயித்த அணி. எக்செல் ஷீட்டில் அப்படித்தான் வரும்.

வறட்சி 2024 ஜனவரியில் கொஞ்சம் உடைந்தது. ஒடிசாவை 3-2 என வென்று சூப்பர் கப். லீக் பட்டத்தைக் கொண்டுவந்ததோ பெண்கள். ஆண்கள் ஒன்பதாவதாக முடித்த அதே 2024-25ல், அந்தோணி ஆண்ட்ரூஸ் பயிற்சியில் மகளிர் அணி இந்திய மகளிர் லீக்கை வென்றது. 21 வருடத்தில் கிளப்புக்கு வந்த முதல் தேசிய லீக் பட்டம். உகாண்டாவின் ஃபாசிலா இக்வாபுட் மட்டும் அடித்தது 24 கோல். 2025 நவம்பரில் சீனாவின் வூஹானில், ஆசிய மகளிர் சாம்பியன்ஸ் லீகில் ஈரானின் பாம் காதூனை 3-1 என வென்றார்கள். அடுத்த இரண்டிலும் தோற்று வெளியேறினாலும், டிசம்பரில் காத்மாண்டுவில் தெற்காசிய மகளிர் கிளப் கோப்பை கைக்கு வந்தது.

சேது எஃப்.சி. இன்னமும் அதே மகளிர் லீக்கில்தான் இருக்கிறது. அடுத்து ஈஸ்ட் பெங்காலுடன் ஆட அது கொல்கத்தா வரும்போது, நியூ டவுன் கேன்டீனில் நீங்க எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.