எம்-புக்கில் ஏறாத சுவர்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் இண்டூர் வட்டாரத்து ஊர்களுக்குள் நுழைந்தால், இரண்டு காலத்து வீடுகள் அருகருகே நிற்பதைப் பார்க்கலாம். செம்மண் குழைத்து எழுப்பிய தடித்த சுவரும் நாட்டு ஓடுமாக மிஞ்சியிருப்பவை கொஞ்சம். ஹாலோ பிளாக், எம்-சாண்ட், கான்கிரீட் தளம் என்று எழும்பியவை மிச்சம். சித்திரை வெயிலில் பகல் முழுக்கத் தளம் வாங்கிய சூடு இரவு பத்து மணிக்கும் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அந்த அறையில் தூங்க முடியாமல் வாசலில் பாய் விரிக்கும் தாய்மார்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சூட்டுக் கணக்கு ஒரு வீட்டோடு முடிவதுமில்லை. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல், சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லே விடுகிற வாயு. எரிபொருளை மாற்றினாலும் இந்தப் பங்கு குறையாது. சிமென்ட்டை அளவாகச் செலவழிக்கும் கட்டுமுறைகள்தாம் கைக்கெட்டும் வழி.

அந்த முறைகளைக் கற்றுத்தரும் இடங்கள் நமக்குத் தொலைவில் இல்லை. 1989இல் ஹட்கோ உதவியுடன் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட், 5 சதவீத அளவில் சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திய, சூளைக்கே போகாத மண் கற்களால் கட்டுவதைச் செய்முறையாகச் சொல்லித் தருகிறது. திருவண்ணாமலையில் ‘தண்ணல்’ அமைப்பினர் மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு கட்டும் பட்டறைகளை நடத்திவருகிறார்கள். ஆர்வமுள்ளவர்கள் போகிறார்கள், மண் மிதிக்கிறார்கள், மனம் நிறைந்து திரும்புகிறார்கள். திரும்பி வந்து உட்கார்வது பழைய அலுவலகத்தில், பழைய எஸ்டிமேட்டுக்கு முன்னால். கற்றவர் ஒருவர், முடிவெடுப்பவர்கள் ஐந்து பேர். என் பார்வையில் கோளாறு இங்கேதான் இருக்கிறது.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டை எடுத்துக்கொள்வோம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு ஒன்பது அங்குலச் சுவர் எழுப்புவது. கால் பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கும். அரசுப் பொறியாளருக்கு இது பிடித்துவிட்டது என்றே கொள்வோம். ஓவர்சியர் அளவெடுக்க வருகிறார். செங்கல் கட்டுமானத்தைக் கன மீட்டரில், வேலையின் அளவுப் புத்தகமான எம்-புக்கில் ஏற்ற வேண்டும். வெற்றிடத்தையும் சேர்த்து ஏற்றினால் நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வரும். கழித்து ஏற்றினால், நிதானமாக நிறுத்தி நிறுத்திக் கட்டிய மேஸ்திரியின் கூலி ஒப்பந்ததாரர் கையைக் கடிக்கும். விலைப் பட்டியலில் இதற்கென்று தனி இனம் இல்லாத இடத்தில் இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு என்னவாக இருக்கும்? வழக்கமான சுவரே கட்டிவிடலாம் என்பதுதான். இவர்களில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். பில் வராத வேலையை யாரால் செய்ய முடியும்?

முடிவெடுப்பவர்களே முன்வந்த இடங்களும் உண்டு. கொல்லத்தில் 1985இல் வெள்ளத்துக்குப் பின், குறைந்த செலவுக் கட்டுமுறைகளுக்கான ‘நிர்மிதி கேந்திரம்’ உருவானபோது முன்னின்றவர் அன்றைய மாவட்ட ஆட்சியர் ஆனந்த போஸ். நிர்வாகமே பயிற்சிக்குள் இறங்கியது. கேரளத்துக்கு வெளியேயும் ஹட்கோ அதை முன்மாதிரியாக எடுத்துச் சென்றது. தர்மபுரி மாவட்டத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் ஒரு கூரைக் கொட்டகையில் தொடங்கிய பழங்குடியினர் மருத்துவமனை, உள்ளூர்க்காரர்களின் உழைப்பில் வளர்ந்தது. அங்குள்ள ‘துளிர்’ கல்வி மையத்தைத் தொடங்கியவர்கள் கட்டடக்கலை படித்தவர்கள். பள்ளத்தாக்கின் இளைஞர்கள் கட்டியே கட்டடம் கற்றார்கள். வடிவமைப்பவரும் கட்டுபவரும் புழங்குபவரும் ஒரே இடத்தில் இருந்தால் பேச்சு சுருங்கிவிடும், வேலை நடக்கும்.

இண்டூரை உள்ளடக்கிய நல்லம்பள்ளி ஒன்றியத்தில் அப்படி எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்கும் ஒரு பட்டறையை நடத்த இது ஏற்ற நேரம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 2024-25இல் மட்டும் தமிழகமெங்கும் ஒரு லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். இத்தனை கூரைகள் ஒரே மாதிரி சூட்டை இறக்கப் போகின்றன என்றால் அது பல பத்தாண்டு வேதனை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். மூன்று நாள் போதும். உதவிப் பொறியாளர், ஓவர்சியர், ஊராட்சிச் செயலர், ஒப்பந்ததாரர், மேஸ்திரி, சித்தாள், வீட்டுக்காரர் எல்லோரும் வர வேண்டும். பதிலாள் அனுப்பக் கூடாது. முதல் வேலை ஒரு கண்ணாடிப் பாட்டில். மூன்றில் ஒரு பங்கு உள்ளூர் மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் படியும், வண்டல் அரை மணியில், களி மறுநாள் காலையில். மண்ணில் எது எவ்வளவு என்று பாட்டிலின் பக்கத்திலேயே அளவுகோல் வைத்துப் பார்க்கலாம். கல் அழுத்த ஏற்ற மண்ணா, களி மிகுந்து வெடிக்கும் மண்ணா என்ற முதல் தடயம் அதில் கிடைத்துவிடும். சான்றிதழ் படித்த பொறியாளரும், காலால் மிதித்தே மண்ணின் குணம் சொல்லும் மேஸ்திரியும் அந்தப் பாட்டிலின் முன்னால் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

இரண்டாம் நாள் நாலடிச் சுவர், அதன்மேல் ஓடு பதித்த ஒரு சிறு தளம். கான்கிரீட்டின் அடிப்பகுதியில் வேலையற்றுக் கிடக்கும் இடத்தில் பழைய ஓட்டைப் பதித்தால் சிமென்ட்டும் மிச்சம், சூடும் குறைவு. இந்தச் சுவரில் சித்தாள்களின் கையில் கரண்டி இருக்க வேண்டும். காலமெல்லாம் கலவைச் சட்டி சுமந்தும் ஒரு வரிசை கல் வைக்க விடப்படாத பெண்கள் அவர்கள். புதிய முறை வரும்போதாவது அந்த வழக்கம் உடையட்டும். எலெக்ட்ரீஷியனையும் அன்றைக்கு அழைத்துவிடுங்கள். வெற்றிடச் சுவரில் பைப் எங்கே ஓடும் என்பதை அவர் பார்க்காவிட்டால், பிறகு வந்து சுவரைக் கொத்திவிடுவார்.

மூன்றாம் நாள் கட்டுமானம் வேண்டாம். எம்-புக்கைத் திறந்து, நேற்றுக் கட்டிய சுவரை ஓவர்சியர் அளக்கட்டும். எத்தனை கல், எத்தனை மூட்டை, மேஸ்திரிக்கு எத்தனை மணி நேரம் என்று எல்லோர் முன்னிலையிலும் எழுதி, விலைப் பட்டியலில் சேர்க்க வேண்டிய இனமாக மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு அனுப்பட்டும். அதில் ஒப்பந்ததாரரும் கையெழுத்திட வேண்டும். அடுத்த வீட்டுக்கு அந்த விலையில் வேலை எடுக்கப் போகிறவர் அவர்தான்.