இடம் ஒதுக்குவதில் ஏன் இந்த ஓரவஞ்சனை?

எம்மவர் நடத்தும் வர்த்தகக் கண்காட்சிகள் சிலவற்றில் வாயிலை ஒட்டிய கூடங்கள் ஏற்பாட்டாளரின் நண்பர்களுக்கும், மண்டபத்தின் கடைக்கோடி புதிதாய்த் தொழில் தொடங்கியோருக்கும் என்றொரு வழக்கம் வேரூன்றி வருவது கவலைக்குரியது. சீட்டுப்பணத்தை முதலாக்கி வந்தவர் செலுத்தும் வாடகையோ மற்றவர் செலுத்துவதேதான்!

கொலோன் நகரில் ஈராண்டுக்கொருமுறை நடைபெறும் அனுகா உணவுக் கண்காட்சி போன்ற பெருஞ்சந்தைகளில் இடத்தின் பெறுமதி வரைபடத்திலேயே தெரிந்துவிடும். ஒருபுறம் மட்டும் திறந்த வரிசைக் கூடத்துக்குக் குறைந்த கட்டணம். இரு நடைபாதைகளிலிருந்தும் சனம் வரும் முனைக்கூடத்துக்கும், நாற்புறமும் திறந்த தனிக்கூடத்துக்கும் கூடிய கட்டணம். பணம் படைத்தவர் முன்னே நிற்கிறார் என்பது உண்மையே. ஆயினும் அதற்கான விலையை அவரே கொடுக்கிறார்.

எமது மண்டபங்கள் சிறியவை. மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் கூடங்களை வரிசைப்படுத்தி, உணவுச்சாலையைக் கடைக்கோடியில் அமைத்தால் சனம் முழு மண்டபத்தையும் கடந்தே செல்லும். (கொத்துரொட்டியின் வலிமையை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.)

வரைபடத்தையும் கட்டணத்தையும் விண்ணப்பத்துடனேயே வழங்குமாறும், ஒரே கட்டணம் செலுத்துவோரிடையே பகிரங்கமாகத் திருவுளச்சீட்டுப் போடுமாறும் ஏற்பாட்டாளரை வேண்டுகின்றோம். அவசரகால வாயிலை மறைத்து எவருக்குமே கூடம் கொடுக்கவேண்டாம்.