கடலை வென்றவர் யார்?

மதுரையில் மேடைக்குப் பஞ்சமில்லை. வைகை வறண்டு கிடக்கும் நாட்களிலும் நம் மேடைகளில் கடல் பொங்கும். கடாரம் கொண்டவன் நம் பாட்டன் என்று பேச்சாளர் முழங்குவார், கூட்டம் கைதட்டும். 1025-ல் ராஜேந்திர சோழனின் படை கடல் தாண்டியதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தக் கப்பல்களில் பாயை ஏற்றி இறக்கியவன் யார்? சுக்கான் பிடித்தவன் யார்? மன்னனா?

பழங்கதையை விடுங்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் 'அன்னபூரணி'. நீளம் 89 அடிதான். 32 அடிப் படகில் உலகைச் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் அதை விலைக்கு வாங்கித் தம் மனைவி பெயரைச் சூட்டினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவருடைய ஆட்களும் அதைச் சூயஸ் வழியாகச் செலுத்தி, அட்லாண்டிக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டு 1-ஆம் தேதி அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தம்பிப்பிள்ளையின் பெயரை எந்த மதுரை மேடையிலும் நான் கேட்டதில்லை.

"கூலிக்குப் போனவர்கள்தானே ஐயா!" என்றார் ஒரு தமிழ்ப் பற்றாளர். நல்ல நியாயம்! சோழனின் மாலுமி மட்டும் கூலி வாங்காமலா துடுப்புப் போட்டான்? கூலி வாங்கினால் அலை தாழ்ந்து வழிவிடுமா?

அவ்வளவு தூரம் போவானேன்? 2024 அக்டோபர் 2-ஆம் தேதி இரண்டு கடற்படைப் பெண்கள் 56 அடி நீளமுள்ள 'தாரிணி' என்ற பாய்ப்படகில் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். உலகைச் சுற்றி 2025 மே 29-ல் திரும்பினார்கள். ஒருவர் கேரளத்துத் தில்னா. மற்றவர் புதுச்சேரி ரூபா அழகிரிசாமி. பாட்டன் பெருமை பேசிய வாய்கள் பேத்தியைப் பற்றி ஏன் மூடிக்கொண்டன?

காரணம் எனக்குத் தெரியும். செத்துப்போன மன்னனைப் புகழ்வதில் செலவில்லை. உயிரோடிருக்கும் கடலோடியைப் புகழ்ந்தால் அவனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட வேண்டும். கடல் கடந்த இனம் என்று மார்தட்டுகிறவர் வீட்டில், கடற்கரைக் குப்பத்துப் பையன் பெண் கேட்டு வந்து பார்க்கட்டும்! திண்ணையோடு திருப்பி அனுப்புவார்; மறுநாள் அதே வாயால் கடாரத்தைப் பாடுவார். மீன் வாசனை ஆகாது. கடற்பெருமை மட்டும் வேண்டும்.

மேடையிலிருப்பவர்களே! கடலை வென்றது கிரீடம் அல்ல, காய்த்துப்போன கை. அந்தக் கையைத் தொடக் கூசுகிறவருக்குக் கடாரத்தில் பங்கு கிடையாது.