மருந்துச் சீட்டு எழுதும் கை

அரிசியைத் தேர்பவனே அதற்கு விலை கொடுக்கின்றான். மருந்திலோ தேர்பவர் மருத்துவர். உண்பவரும் விலை கொடுப்பவரும் நோயர். விலை எத்துணை ஏறினும் தேர்ந்தவர்க்கு இழப்பு ஏதும் இல்லை. இந்த இடைவெளியிலேதான் மருந்துக் குழுமங்கள் கடை விரித்துள்ளன.

தெருமுனை மருத்துவமனையில் நீரிழிவுற்ற முதியவர் ஒருவர்க்கு எழுதித் தரப்பெறும் சீட்டில் மெட்பார்மின் என்னும் மருந்தின் பெயர் இராது. ஏதேனும் ஒரு குழுமம் இட்ட வணிகப் பெயரே இருக்கும். பல வேளைகளில் அது மற்றொரு மருந்துடன் கூட்டிய கலப்பு வில்லையாகவும் இருக்கும். கலப்பினால் நன்மையே இல்லை என்பதன்று; இரண்டை விழுங்க வேண்டியவர்க்கு ஒன்று எளிதே. ஆயினும், பொருந்தாக் கலப்புகள் என்று 328 மருந்துகளை நடுவணரசு 2018-இல் தடை செய்ததே, அவையெல்லாம் அதுவரை யார் எழுதிக் கொடுத்து விற்றன? இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம் பெறாத மருந்துகளின் விலையை ஆண்டுதோறும் 10 விழுக்காடு ஏற்றிக் கொள்ளலாம் என்பதையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பட்டியலில் உள்ளவற்றின் நிலையோ இன்னும் வேடிக்கையானது. 1995ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணை ஆக்கச் செலவைக் கணக்கிட்டது. 2013ஆம் ஆண்டின் ஆணையோ, விற்பனையில் நூற்றுக்கு ஒரு பங்கேனும் உடைய மருந்துகளின் விலைகளை நிரவி, அதனுடன் கடைக்காரர்க்கு 16 விழுக்காடு சேர்த்து, அதனையே உச்சவிலை என்கின்றது. விற்பவன் சொன்ன விலைகளின் நிரவல்தான் விற்பவனுக்குக் கட்டுப்பாடாம்! வேலிக்கு ஓணான் சான்று.

மருந்துகளைப் பொதுப்பெயரில், படிக்கத்தக்க எழுத்தில் எழுதுதல் வேண்டும் என்று மருத்துவர் ஒழுக்க விதிகள் 2016-இல் திருத்தப்பெற்றன. 2023 ஆகத்து மாதம் வந்த கடுமையான புதிய விதிகள் அம்மாத இறுதிக்குள்ளேயே நிறுத்தி வைக்கப்பெற்றன. தரத்தை எவ்வாறு நம்புவது என்பது மருத்துவர்கள் எழுப்பிய வினா. அது புறந்தள்ளத் தக்கதன்று. ஆனால் 1994-இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளைப் பொதுப்பெயரிலேயே மொத்தமாக வாங்கி, ஆய்ந்து பார்த்து, அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கி வருகின்றது. காலையில் அங்கே பொதுப்பெயர் எழுதும் அதே கை, மாலையில் தன் தனி மருத்துவமனையில் வணிகப் பெயர் எழுதுகின்றது. மாலையில் மட்டும் தலைகாட்டும் அந்த ஐயம் என்ன ஐயமோ!

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். காலை, நண்பகல், இரவு என்று எழுதினால் எந்தத் தாய்க்கும் விளங்கும். வழக்கிறந்த இலத்தீனத்தின் சுருக்கங்களைக் கிறுக்குவதால் யாருக்கு என்ன பயன்?

24-2-2025 அன்று தமிழகத்தில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பெற்றன. நல்ல முயற்சியே. ஆனால் மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளில், எழுதிய வணிகப் பெயருக்கு மாற்றாக, அதே மருந்தேயாயினும் வேறொன்றைக் கொடுத்தல் கூடாது என்று மருந்து விதிகளின் 65ஆம் பிரிவு தடுக்கின்றது. மலிவான மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருந்தும், சீட்டிலுள்ள பெயர் நோயரை அடுத்த கடைக்குத் துரத்துகின்றது. நடுவணரசு அவ்விதியைத் திருத்துதல் வேண்டும். அதுவரை, பொதுப்பெயரைத் தெளிவாக எழுதித் தருமாறு மருத்துவரை நேரில் கேட்க எவரும் தயங்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் திருத்தம் இன்றும் நடைமுறையில்தான் உள்ளது.