வாட்டுக்கு ஒரு எடைமேடை வேண்டும்

அரியலூர்ப் பக்கம் வந்திருக்கிறீர்களா? வழியெல்லாம் லாரிதான். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரி எடைமேடையில் ஏறி இறங்கித்தான் ஆகவேண்டும். காலி வண்டிக்கு ஒரு எடை, பாரத்தோடு ஒரு எடை. டிரைவர் வாயால் சொல்கிற கணக்கு அங்கே செல்லாது. அந்தக் கல் சிமெண்டாகி வெளியே வரும்போது மூட்டையில் 50 கிலோ என்று அச்சடித்திருக்கும். குறைந்தால் கேட்பதற்கு 2009ஆம் வருடத்துச் சட்டமுறை எடையளவுச் சட்டம் இருக்கிறது.

இப்படி எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கிற ஊர்ப்பக்கத்தில்தான் என் மாமா, "1200 வாட்ஸ்" என்று பெட்டியில் எழுதியிருந்த கார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி வந்தார். அந்த 1200ஐ நிறுத்துப் பார்த்தது யார்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

மாமா பெரம்பலூரில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில், கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் என்று குடும்பம் குடும்பமாகச் சவாரி. வண்டியில் பாட்டு சரியில்லை என்றால் அடுத்த தடவை வேறு வேன் பிடித்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. அதனால்தான் இந்தச் செலவு. ஆனால் மாட்டிய பிறகு சத்தம் போதவில்லை. கெயினை முழுசாகத் திருகினார். ஒரே வாரத்தில் ட்வீட்டர் இரண்டும் கருகிப்போயின. அப்புறம் ஃபியூஸ் போக ஆரம்பித்தது. மாட்டிக் கொடுத்தவர், "1200 வாட்டுக்கு 20 ஆம்பியர் எப்படிண்ணே தாங்கும்?" என்று 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுவிட்டார். ஒயர் மட்டும் அதே மெல்லிசு ஒயர். ஒருநாள் ஓடுகிற வண்டியில் சீட்டுக்கு அடியிலிருந்து கருகல் வாடை. பின்னால் பன்னிரண்டு பேர். நல்லவேளை, மாமா வண்டியை ஓரங்கட்டி பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டார்.

சும்மா ஒரு ஸ்டிக்கர்தானே என்று இதற்குமேல் என்னால் விட முடியவில்லை. ஆய்வகச் சன்னல் ஓரமாக வேனை நிறுத்தினோம். ஸ்பீக்கருக்குப் பதிலாக, 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டர்களை இரண்டிரண்டாக இணையாகச் சேர்த்து, சேனலுக்கு 4 ஓம் லோடு. (ஸ்பீக்கரையே வைத்து அளக்கக் கூடாது. அதன் ஓம் அதிர்வெண்ணுக்குத் தக்கபடி மாறும், காதும் போய்விடும்!) எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையை உள்ளே கொடுத்து, வெளியே வருவதை ஆசிலோஸ்கோப்பில் பார்த்தோம். வால்யூமை ஏற்ற ஏற்ற அலை உயரும். ஒரு கட்டத்தில் அதன் தலை மழுங்கும். அதற்கு ஒரு நூல் முன்னால்தான் ஆம்ப்ளிஃபயரின் உண்மையான எல்லை.

அந்த இடத்தில் 14.6 வோல்ட் ஆர்.எம்.எஸ். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் சேனலுக்கு 53 வாட். இரண்டு சேனலும் சேர்ந்து 106. அதே நேரம் பேட்டரியிலிருந்து அது இழுத்தது 13.8 வோல்ட்டில் 14 ஆம்பியர், அதாவது 193 வாட். உள்ளே போனதே 193. வெளியே எப்படி 1200 வரும்?

மாமா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மீதி 1094 எங்க மாப்ள?"

"ஸ்டிக்கர்ல இருக்கு மாமா."

ஸ்கோப் இல்லாதவர்கள் ஃபியூஸைப் பார்த்தே கணக்குப் போடலாம். 20 ஆம்பியரை 14.4 வோல்ட்டால் பெருக்கினால் 288 வாட். கிளாஸ் ஏபி வகையில் ஏறக்குறைய பாதி வெப்பமாகப் போய்விடும். மிச்சம் 150 வாட் சொச்சம். கிளாஸ் டி வகையாக இருந்தால் 230 வரை எதிர்பார்க்கலாம். மாமாவின் ட்வீட்டர் கருகியதற்கும் காரணம் இதுதான். இல்லாத வாட்டை வரவழைக்கக் கெயினைத் திருகினால் அலையின் தலை தட்டையாகும். அந்தத் தட்டையான அலையில் உயர் அதிர்வெண் சக்தி கூடும், அது போய்ச் சேருகிற இடம் ட்வீட்டர். தவறு அவர் கையில் இல்லை, அவர் நம்பிய எண்ணில் இருக்கிறது.

"பாட்டு என்பது ஏறி இறங்குவது, ஒரு நொடிக்கும் குறைவான உச்சத்தைத்தான் போட்டிருக்கிறோம்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். 90களில் டூ-இன்-ஒன்னிலும், பிறகு கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலும் ஒட்டியிருந்த பி.எம்.பி.ஓ. ஞாபகம் இருக்கிறதா? அதேதான். சரி, ஒப்புக்கொள்வோம். ஆனால் சைன் அலையின் உச்ச சக்தி சராசரியைப் போல இரண்டு மடங்குதான். 106 என்பது 212 ஆகலாம். 1200 ஆகாது.

அமெரிக்காவில் இதே கூத்து நடந்துதான் 1974இல் ஃபெடரல் டிரேடு கமிஷன் ஆம்ப்ளிஃபயருக்கென்றே ஒரு விதி போட்டது. அது வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும். காருக்கு 2003இல் அங்குள்ள மின்னணுத் தொழில் சங்கம் சி.இ.ஏ.2006 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், உருக்குலைவு 1 சதவீதத்துக்குள். இதில் அளந்துதான் வாட் சொல்லவேண்டும். ஆனால் அது விருப்பப்பட்டவர்கள் பின்பற்றுகிற தரம், கட்டாயமில்லை.

நம் ஊரிலும் முடியாத காரியம் இல்லை. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம். ஃபேனுக்கு முடிந்தது ஆம்ப்ளிஃபயருக்கு ஏன் முடியாது? தவறான விளம்பரத்தைக் கேட்க 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் எத்தனை வோல்ட்டில், எத்தனை ஓமில், எவ்வளவு உருக்குலைவில் என்று சொல்லாத 1200ஐப் பொய் என்று நிரூபிப்பது எப்படி? "நாங்கள் அளந்த விதம் வேறு" என்று ஒரே வார்த்தையில் தப்பிவிடலாம். அதனால் நான் கேட்பது இவ்வளவுதான்: வாட் போட்டால் பக்கத்திலேயே அந்த மூன்றையும் போடவேண்டும் என்று சட்டம் வரட்டும்.

அதுவரை நாம் கடையில் கேட்கலாம். "ஆர்.எம்.எஸ். எவ்வளவு? எத்தனை ஓமில்? ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்?" மூன்றாவது கேள்விக்குப் பெட்டியைப் பிரித்தாவது பதில் வாங்குங்கள். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான். பெரிசு போட்டால் ஒயர் எரியும்.

மாமா வேனில் இப்போது தடிமனான ஒயர், பழைய 20 ஆம்பியர் ஃபியூஸ். அலை மழுங்குவதற்கு முன் கெயினை நிறுத்தி மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். சத்தம் கொஞ்சம் கம்மி, பாட்டு தெளிவு. சவாரி ஒன்றும் குறையவில்லை.